ட்ரவுட்டும் எங்க ஏரி விராலும்

போன கார்த்திகையில மழை விட்ட ரெண்டாம் நாள். கீரைப் பாத்தியில தண்ணி வடிஞ்சிருக்கான்னு பார்த்துட்டு ஏரிக்கரை வழியா வந்துக்கிட்டிருந்தேன். பாத்தின்னு சொன்னதும் பெருசா நினைச்சிடாதீங்க. சேக்காட்டுல இப்போ எனக்கு மிச்சம் இருக்கிறது அரைக் காணிதான். மூணு பக்கம் மாடி வீடு, ஒரு பக்கம் வாய்க்காலா இருந்த சாக்கடை. அதுல அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டு காலத்தை ஓட்டிக்கிட்டிருக்கேன்.

கரை மேல என் பேரன் நின்னுக்கிட்டிருந்தான். பதினாலு வயசு. கையில ஆன்லைன்ல வாங்கின தூண்டில். நாம அறிஞ்ச மூங்கில் குச்சி இல்ல, ஃபைபர் கம்பு. அதுல ராட்டினம் மாதிரி ஒரு ரீல். முனையில தங்கூசி நரம்புக்குப் பதிலா ஏதோ பின்னின நூல், அதுல பச்சை கலர் ரப்பர் தவளை.

"தாத்தா, அங்க பாரேன். தண்ணி செவப்பா கொதிக்குது."

பார்த்தேன். ஆகாயத்தாமரை விலகின இடத்துல, கரையிலிருந்து பத்தடி தூரத்துல, குங்குமத்தைக் கரைச்சு விட்ட மாதிரி ஒரு திட்டு. துடிச்சுத் துடிச்சு மேல வருது, கீழ போகுது. விரால் குஞ்சு. நூத்துக்கணக்குல, உருண்டையா, ஒண்ணா. எங்க ஏரியில அதைப் பார்த்து எனக்கு ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும்.

அவன் கம்பை ஓங்கிட்டான். "வேணாண்டா"ன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தவளை பறந்து போய் திட்டுக்கு அந்தாண்ட விழுந்துச்சு.

இந்த இடத்துல நிறுத்திட்டு வேற ரெண்டு கதை சொல்லணும். ஒண்ணு எங்க அப்பாவோடது. இன்னொண்ணு ஊட்டியில நான் பார்த்துட்டு வந்தது.

எனக்குப் பதினொரு வயசு இருக்கும். அப்போ இந்த ஏரித் தண்ணியிலதான் எங்க ஆயக்கட்டுல நெல் விளையும். ஞாயித்துக்கிழமை ஆனா கரையில வரிசையா தூண்டில்காரங்க. டேங்க் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறவங்க சைக்கிளைச் சாத்திட்டு உட்காருவாங்க. கெண்டைக்கு மண்புழு, ஜிலேபிக்கு மைதா உருண்டை, கெளுத்திக்குக் கோழிக்குடல். தக்கைக்கு மயிலிறகுக் காம்பு. விராலுக்கு மட்டும் உயிர்த் தவளை. விரால் பிடிக்கிறவன்தான் தூண்டில்காரன், மத்தவனெல்லாம் பொழுதுபோக்குன்னு எங்க அப்பா சொல்லுவார்.

விராலுக்குத் தண்ணியில இருக்கிற காத்து மட்டும் பத்தாது. அப்பப்போ மேல வந்து வாயைத் திறந்து ஒரு வாய் காத்து குடிச்சிட்டுப் போகும். தேர்ந்தவங்க அந்த ஒரு குமிழியை வச்சே இன்ன இடத்துல இருக்கு, இவ்வளவு பெருசுன்னு சொல்லிடுவாங்க. எனக்கு அந்தக் கண்ணு வரலை. ஆனா ஒரு மழைக்காலத்துல செவப்புத் திட்டைப் பார்த்துட்டேன். குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவுல தவளையை இழுத்தா போதும், கீழ காவல் நிக்கிற விரால் பாஞ்சு வந்து கவ்வும்னு பெரிய பசங்க சொல்லியிருந்தாங்க. இழுத்தேன். கவ்வுச்சு. ஒன்றரைக் கிலோ இருக்கும். முள்ளு செவுள்ல ஏறிப்போச்சு. தலையில அடிச்சு, பனை நார்ல கோத்து, வீடு வரைக்கும் தெருவெல்லாம் காட்டிக்கிட்டே வந்தேன்.

அப்பா மீனைப் பார்த்தார். "எங்கடா பிடிச்ச?"ன்னார். சொன்னேன். அடிக்கலை. என் கையைப் பிடிச்சு ஏரிக்குத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போனார். கரையில உட்கார வச்சார். திட்டு அதே இடத்துலதான் இருந்துச்சு. ஆனா சுத்தி ஜிலேபியும் கெண்டையும் வந்துடுச்சு. ஒவ்வொரு தடவை திட்டு மேல வரும்போதும் ஓரத்துல சளக் சளக்குன்னு சத்தம். பொழுது சாயறப்போ நாரை ரெண்டு வந்து நின்னுச்சு. இருட்டுறதுக்குள்ள செவப்பு இல்ல. "அது பசிக்குக் கவ்வலடா. கோவத்துல கவ்வுச்சு"ன்னு மட்டும் சொன்னார். அன்னைக்குக் குழம்பு வாசனை தெரு முனை வரைக்கும் இருந்துச்சு. அப்பா மோர் ஊத்தி சாப்பிட்டு எழுந்துட்டார்.

ரெண்டாவது கதைக்கு வர்றேன். என் சின்ன மக கோயம்புத்தூர்ல இருக்கா. போன மே மாசம் மாப்பிள்ளை என்னை ஊட்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். தாவரவியல் தோட்டம், போட் ஹவுஸ் எல்லாம் ஆச்சு. "மாமா, உங்களுக்கு மீன் பிடிக்கும்ல, அவலாஞ்சி போலாம்"னார். 1823-இல மலை சரிஞ்ச இடம், அதனால அந்தப் பேரு. 2019 ஆகஸ்டுல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை பேஞ்சதும் அங்கதான். நம்ம சென்னைப் பக்கம் வருஷத்துக்கே ஏறக்குறைய 140 சென்டிமீட்டர்தான் பேயும். கணக்குப் போட்டுக்குங்க.

அங்க மீன்வளத் துறையோட ட்ரவுட் பொரிப்பகம் இருக்கு. சிமென்ட் தொட்டிங்க, ஓடைத் தண்ணி ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் ஓடிக்கிட்டே இருக்கு. கையை விட்டேன், விரல் மரத்துப் போச்சு. உள்ள மீன். முழங்கை நீளம், முதுகெல்லாம் கருப்புப் புள்ளி, பக்கத்துல கன்னத்திலிருந்து வால் வரைக்கும் ரோஸ் கலர்ல ஒரு பட்டை. வானவில் ட்ரவுட். தண்ணி வர்ற திசையைப் பார்த்து எல்லாம் வரிசையா நிக்குது, ரயிலுக்கு நிக்கிற ஜனம் மாதிரி.

அங்க இருந்த ஊழியர் ஒருத்தர் பொறுமையா சொன்னார். தண்ணி 20 டிகிரியைத் தாண்டினா இதுக்குத் தாங்காது. முட்டை போடுற பருவத்துல பெண் மீனைப் பிடிச்சு, வயித்தை மெதுவா நீவி முட்டையை ஒரு சட்டியில எடுக்கணும். ஆண் மீனையும் அதே மாதிரி நீவி அதுல கலக்கணும். அப்புறம் தட்டுல பரப்பி, குளிர்ந்த தண்ணி ஓடுற இடத்துல இருட்டுல வைக்கணும். தண்ணி 10 டிகிரி இருந்தா பொரிக்க ஒரு மாசம் ஆகும். செத்த முட்டை வெள்ளையாயிடும், அதை ஒவ்வொண்ணா பொறுக்கி எடுக்கணும். விட்டா பூஞ்சை பிடிச்சு பக்கத்து முட்டைக்கும் பரவிடும். நாத்தங்கால்ல களை எடுக்கிற வேலை மாதிரிதான், ஆனா இடுக்கியால.

இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டேன். அவர் கொஞ்சம் சொன்னார், மிச்சம் நான் வந்து படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது.

வெள்ளைக்காரன் நீலகிரிக்கு வந்ததும் மலை, மூடுபனி, புல்வெளி, ஓடை எல்லாம் அவன் ஊரு மாதிரியே இருந்துச்சு. ஓடையில ட்ரவுட் மட்டும் இல்ல. அதுவும் ஸ்காட்லாந்துக்காரனுக்குத் தூண்டில் இல்லாம ஓடையைப் பார்த்தா கை சும்மா இருக்காது. ஊட்டி தாவரவியல் தோட்டத்தை உருவாக்கின மெக்ஐவரே ஸ்காட்லாந்துக்காரர்தான். 1860-கள்ல அவரும், மெட்ராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்த ஃபிரான்சிஸ் டேயும் இங்கிலாந்திலிருந்து மீன் கொண்டு வரப் பார்த்தாங்க. 1863-இல டே எடுத்த முயற்சி தோத்துப் போச்சு. வெப்பமான கடலைத் தாண்டி வர்றதுக்குள்ள முட்டையெல்லாம் வீணாப் போயிடும். அடுத்த வருஷம், 1864-இல, 'நார்ஃபோக்'னு ஒரு கப்பல்ல முட்டையைப் பாசிக்குள்ள பொதிஞ்சு, ஐஸ் அறையில வச்சு, இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வரைக்கும் உயிரோட கொண்டு போய்ச் சேர்த்தாங்க. மெரினா எதிர்ல ஐஸ் ஹவுஸ் இருக்கே, இப்போ விவேகானந்தர் இல்லம், அதுவும் 1842-இல அமெரிக்காவிலிருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியை வைக்கக் கட்டினதுதான். துரைமாருக்குக் குடிக்கிற கிளாஸ்ல போட ஐஸ் வந்துச்சு. மீன் முட்டையும் அதே மாதிரி ஐஸ்லதான் கடல் தாண்டணும்னு தெரிய இருபது வருஷம் ஆயிருக்கு.

நீலகிரிக்கு அதுக்கப்புறமும் நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. வில்சன்னு ஒரு மீன் வளர்ப்பு நிபுணரை வரவழைச்சாங்க. 1907 வாக்குல அவலாஞ்சியில பொரிப்பகம் வந்துச்சு. இலங்கையில நுவரெலியா பக்கம் ட்ரவுட் ஏற்கனவே பிடிச்சு நிலைச்சிருந்துச்சு. அங்கிருந்து வந்த வானவில் ட்ரவுட்தான் இங்கயும் நிலைச்சுது. இதுல வேடிக்கை என்னன்னா, ஸ்காட்லாந்து ஓடையில இருக்கிறது பழுப்பு ட்ரவுட். வானவில் ட்ரவுட் அமெரிக்காவோட மேற்குக் கரை மீன். ஊர் ஞாபகத்துக்கு அம்பது வருஷம் அலைஞ்சு, கடைசியில கிடைச்சது பக்கத்து ஊர்க்காரன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். மீன் வர்றதுக்கு முன்னாடியே அதுக்குச் சட்டம் வந்துடுச்சு. 1877-இல நீலகிரி வேட்டைச் சங்கம், 1879-இல நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். எந்த மாசம் தொடக்கூடாது, யாருக்கு லைசென்ஸ்னு எல்லாம் எழுதி வச்சாங்க. அது நமக்காக இல்ல, அவங்க விளையாட்டுக்காகத்தான். அந்த மலையில தலைமுறை தலைமுறையா இருந்தவனுக்கு அந்த லைசென்ஸ் எந்தக் காலத்துல கிடைச்சிருக்கும்? ட்ரவுட் ஓடையில சும்மாவும் இருக்காது. பூச்சி, தலைப்பிரட்டை, குட்டி மீனு எல்லாத்தையும் பிடிச்சுத் தின்னும். சோலை ஓடையில இருந்த சொந்த ஜீவனுங்களுக்கு அது நல்ல விருந்தாளி இல்ல. இதையும் நினைச்சுக்கிட்டேதான் அந்தத் தொட்டியைப் பார்த்தேன். ஆனாலும், ஒவ்வொரு வெள்ளை முட்டையையும் இடுக்கியால எடுக்கிற அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு.

மெட்ராஸ் ரெவின்யூ போர்டுல இருந்த எச்.எஸ். தாமஸ்னு ஒரு அதிகாரி மீன் பைத்தியம். 1873-இல இந்தியாவுல தூண்டில் போடுறதைப் பத்தி ஒரு புத்தகம். நம்ம ஆத்துல இருக்கிற மகசீர் மீன் சால்மனையே தூக்கிச் சாப்பிட்டுடும்னு அதுல அடிச்சுச் சொன்னவர். 1887-இல இன்னொரு புத்தகம், 'டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா'. ஏரி குளத்துல தூண்டில் போடுறதுக்குன்னே ஒரு புத்தகம். ஆவடிக்காரன்கிட்ட டேங்க்னு சொன்னா பீரங்கி வண்டியைத்தான் நினைப்பான், அது வேற விஷயம். வெடி வச்சும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக் கூடாதுன்னு 1897-இல இந்திய மீன்வளச் சட்டம் வந்துச்சு. தாமஸும் டேயும் ரொம்ப நாளா கத்தினதுல அதுவும் ஒண்ணு.

என் அண்ணன் மகன் ஸ்காட்லாந்துல, அபர்டீன்ல எண்ணெய்க் கம்பெனி வேலை. ஊட்டிக் கதையைப் போன்ல சொன்னேன். "சித்தப்பா, நானும் இங்க டீ ஆத்துல போய் நின்னேன். மூணு நாள் காசு கட்டினேன். ஒண்ணும் சிக்கலை"ன்னு சிரிச்சான். காசு கட்டி, இடுப்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை போட்டு, குளிர் தண்ணியில நாள் பூரா நின்னு, ஒண்ணும் கிடைக்காம, அப்படியே கிடைச்சாலும் திருப்பி விட்டுடணுமாம். ஞாயித்துக்கிழமை சால்மன் பிடிக்கவே கூடாதாம், சட்டம். பழுப்பு ட்ரவுட்டுக்கு அக்டோபர் 7-லிருந்து மார்ச் 14 வரைக்கும் தூண்டிலே போடக் கூடாதாம். "அப்புறம் ஏண்டா போற?"ன்னேன். "தண்ணியைப் பார்த்துக்கிட்டு நிக்கலாம்ல, சித்தப்பா"ன்னான். அது எனக்குப் புரிஞ்சுது.

அவன் சொன்னதுல ஒண்ணு மண்டையிலயே நிக்குது. சால்மன் ஆத்துல பொறந்து கடலுக்குப் போயிடும். வளர்ந்து, பொறந்த அதே ஆத்தை மோப்பம் பிடிச்சுத் திரும்பி வரும், முட்டை போட. வந்ததுக்கப்புறம் அது எதையுமே சாப்பிடாது. வயிறு சுருங்கிப் போயிடும். ஆனாலும் இறகு கட்டின பொய்ப் பூச்சியைக் கண்டா சில சமயம் கவ்வும். பசி இல்லாத மீன் ஏன் கவ்வுதுன்னு அங்க இன்னும் தீராத சண்டை. கோவம்கிறான் ஒருத்தன், பழக்கம்கிறான் இன்னொருத்தன். கேட்டதும் எனக்கு எங்க அப்பா குரல்தான் கேட்டுச்சு.

அந்த இறகுலயும் நம்ம பங்கு இருக்கு. பழைய சால்மன் பூச்சி கட்டறதுக்கு நம்ம மேற்கு மலைக் காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகு கப்பல் ஏறிப் போச்சு. மெழுகுச் சொட்டு வச்ச மாதிரி மஞ்சப் புள்ளி இருக்குமே, அது. இப்போ அந்தக் கோழியைத் தொடவே கூடாது. அவங்க பழைய தூண்டில் கம்பு செய்யவும் கல்கத்தாவிலிருந்துதான் மூங்கில் போச்சு. 1922-இல டே ஆத்துல ஜார்ஜினா பாலன்டைன்னு ஒரு பொண்ணு 64 பவுண்டு சால்மன் பிடிச்சா. படகு வலிச்சது அவ அப்பா. பிரிட்டன்ல தூண்டில்ல அதைவிடப் பெரிய சால்மனை இன்னும் யாரும் பிடிக்கலை. இப்போ அங்கயும் சால்மன் தேய்ஞ்சுக்கிட்டே வருது. 1952-இல கணக்கு எடுக்க ஆரம்பிச்சதிலிருந்து 2023-இலதான் ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டில்ல கிடைச்சது ரொம்பக் கம்மி, 32 ஆயிரத்துச் சொச்சம். பத்துல ஒம்பதுக்கு மேல திருப்பி விட்டும் இந்தக் கதி.

நம்ம விராலுக்கு இதுல எதுவுமே வேணாம். ஐஸ் வேணாம், தட்டு வேணாம், இடுக்கி வேணாம். எங்க ஏரித் தண்ணியில ட்ரவுட்டை விட்டா மத்தியானத்துக்குள்ள வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்கும். விரால் காத்தைக் குடிச்சுக்கிட்டு இந்தச் சாக்கடையிலயும் தாக்குப் பிடிக்குது. தடை பண்ணின ஆப்பிரிக்கக் கெளுத்தி எப்படியோ ஏரிக்குள்ள புகுந்துடுச்சு, அதையும் சமாளிச்சுக்கிட்டு இருக்கு. முட்டையைக் காக்கிறது, குஞ்சை மேய்க்கிறது எல்லாம் தாய் தகப்பனே பார்த்துக்கும். அந்த ஒரு மாசம் நாம கையைக் கட்டிக்கிட்டு நின்னா போதும். அதுதான் எங்க ஊர்ல நடக்க மாட்டேங்குது. செவப்புத் திட்டு தெரிஞ்சா அடுத்த மணி நேரத்துல கரையில ஆறு கம்பு.

இப்போ பேரன்கிட்ட வர்றேன். ரப்பர் தவளை செவப்புத் திட்டு மேல ஊர்ந்து வந்துச்சு. தண்ணி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். கம்பு வில்லா வளைஞ்சுது. பையன் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு அந்த வெளிச்சம் தெரியும். அதனாலேயே திட்ட வாய் வரலை.

"தாத்தா, விட்டுடுறேன். ஒரே ஒரு வீடியோ எடுத்துட்டு விட்டுடுறேன். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

"வெளிநாட்டு சால்மனுக்குக் கீழ குஞ்சு நிக்கலடா. தண்ணியை விட்டுத் தூக்காத"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு. என்ன நாத்தம்னு சொல்ல வேணாம். ரெண்டு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். தண்ணிக்குள்ளயே தலையை அமுக்கிப் பிடிச்சு, மேல் தாடையில ஏறியிருந்த முள்ளை நெம்பி எடுத்தேன். கட்டைவிரலைக் கடிச்சிடுச்சு. ரத்தம் அதோடதா என்னோடதான்னு தெரியலை. கையை எடுத்ததும் ஒரே உதறல், போயிடுச்சு. வீடியோ இல்ல. பையனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, கோவத்துல.

"உட்காரு"ன்னேன். எங்க அப்பா என்னை உட்கார வச்ச இடத்துக்கு ஏறக்குறைய பக்கத்துலதான். அந்தப் பழைய கதையைச் சொன்னேன். மீனைக் கோத்துக்கிட்டுத் தெருவுல வந்ததையும் சேர்த்துத்தான். அவன் பதில் பேசலை. திட்டையே பார்த்துக்கிட்டிருந்தான். அஞ்சு நிமிஷத்துல ஜிலேபிங்க வந்துடுச்சு. சளக். சளக். அவன் எழுந்து சின்னச் சின்னக் கல்லா பொறுக்கி, திட்டுக்கு வெளியில, ஜிலேபி வர்ற பக்கமா போட ஆரம்பிச்சான். நானும் போட்டேன். அறுவத்திமூணு வயசுல ஏரியில கல் வீசுறவனை ரோட்டுல போறவங்க என்ன நினைச்சாங்களோ.

கால் மணி நேரம் கழிச்சு திட்டுக்குப் பக்கத்துல ஒரு குமிழி. பெரிய குமிழி. ஜிலேபிங்க சிதறிப் போச்சு. "அதேதானா தாத்தா?"ன்னான். ஜோடியில இன்னொண்ணாவும் இருக்கலாம், அடி பட்டதாவும் இருக்கலாம். அப்பா இருந்தா குமிழியைப் பார்த்தே சொல்லியிருப்பார்.

மறுநாள் காலையில எனக்கு முன்னாடியே அவன் கரைக்குப் போயிட்டான். கம்பை வீட்டுலயே வச்சுட்டுப் போயிருந்தான். நான் போய்ப் பார்த்தப்போ திட்டு இருந்துச்சு, முந்தின நாளைவிடச் சின்னதா, இன்னும் கொஞ்சம் ஆழத்துல. எதிர்ல முப்பது அடி தள்ளி யாரோ ஒருத்தர் பைக்கை நிறுத்திட்டு ரீல் கம்பைப் பூட்டிக்கிட்டிருந்தார். பேரன் என்னைப் பார்த்தான். நான் ஒண்ணும் சொல்லலை. அவனே நடந்து போய் அவர்கிட்ட கையை நீட்டி நீட்டி என்னமோ பேசினான். அவர் சிரிச்சார், தலையை ஆட்டினார், கொஞ்ச நேரம் திட்டையே பார்த்தார். அப்புறம் பைக்கை எடுத்துக்கிட்டு கலங்கல் பக்கம் போய் நின்னுக்கிட்டார்.